சாட்சியில்லாத மேசைகள்: பூல் ஆட்டக்காரர் கதைகளில் மெய்யும் புனைவும்

மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பூல் ஆட்டக்காரர் உண்மையில் இருந்தாரா? இருந்தார் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் வால்டர் டெவிஸ் 1959இல் ‘தி ஹஸ்ட்லர்’ என்ற நாவலை எழுதினார். (சில ஆண்டுகளுக்கு முன் தொடராக வந்து சதுரங்கப் பித்தை வீடுவீடாகப் பரப்பிய ‘தி குயீன்ஸ் காம்பிட்’டும் அவருடைய நாவல்தான், 1983இல் வெளியானது.) ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் கட்டிப் பூல் ஆடிப் பிழைக்கும் எடி ஃபெல்சன் என்ற இளைஞனும், அவன் எப்படியாவது தோற்கடிக்கத் துடிக்கும் மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பருத்த மனிதரும் அந்த நாவலின் இரு பெரும் பாத்திரங்கள். 1961இல் அது படமானது. எடியாகப் பால் நியூமன் நடித்தார், ஃபேட்ஸாக ஜாக்கி கிளீசன்.

படம் ஓடத் தொடங்கிய பிறகு ருடோல்ஃப் வாண்டரோன் என்ற ஆட்டக்காரர் அந்த ஃபேட்ஸ் தானே என்று உரிமை கொண்டாடினார். அவரும் பருத்தவர், அவரும் பந்தய ஆட்டக்காரர். ஆனால் பிறந்தது நியூயோர்க்கில், 1913இல். அதுவரை அவரை ‘நியூயோர்க் ஃபேட்ஸ்’ என்றும் வேறு பல பட்டப்பெயர்களாலும் அழைத்தார்கள். மினசோட்டா மாநிலத்துக்கும் அவருக்கும் பெரிய ஒட்டோ உறவோ கிடையாது. பத்திரிகைகளுக்கு இந்த உரிமைக் கோரிக்கை மிகவும் பிடித்துப்போனது. 1966இல் தன்வரலாறு வெளிவந்தது, தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது, பூல் மேசைகளில் அவர் பெயர் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. டெவிஸ் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தார்: அந்தப் பாத்திரம் தன் கற்பனை, பெயர் உட்பட. 1984இல் எடி ஃபெல்சனின் பிற்காலக் கதையை வெளியிட்டபோதும் மறுத்தார். அதே ஆண்டு இறந்தும் போனார். மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. ஒரு பாத்திரத்துக்கு முன்மாதிரியாக மனிதர் இருப்பது எழுத்துலகில் சாதாரணம். பாத்திரத்தைப் பார்த்துவிட்டு மனிதர் ஒருவர் தன்னை அதன்படி வார்த்துக்கொண்டது இங்கே நடந்தது. அந்த அளவில் வாண்டரோனும் ஒரு படைப்பாளிதான் என்பேன்.

இந்தக் கதையில் நொந்துபோனவர் வில்லி மொஸ்கோனி. 1941க்கும் 1957க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். ‘தி ஹஸ்ட்லர்’ படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவரே. நியூமனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததும், திரையில் தெரியும் சில அடிகளுக்குக் கை கொடுத்ததும் அவர்தான். பெரிய போட்டிப் பட்டம் ஒன்றுகூட இல்லாத வாண்டரோன் அமெரிக்காவின் ஆகப் பெரிய பூல் ஆட்டக்காரராகப் பேசப்பட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1978 பெப்ரவரியில் நியூயோர்க்கின் வால்டோர்ஃப் அஸ்தோரியா ஹோட்டலில் தொலைக்காட்சிக்காக இருவரையும் மோதவிட்டார்கள். மொஸ்கோனி வென்றார். வாண்டரோன் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். பூல் ஆடத் தெரியாத அமெரிக்கரிடம் ஒரு பூல் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டால் இன்றும் ஃபேட்ஸின் பெயர்தான் முதலில் வரும்.

இது வெறும் விளம்பரத்தின் வெற்றி என்று ஒதுக்கிவிட முடியாது. பூல் கதைகள் பொய்யாவதற்கு அந்த ஆட்டத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு. ஓட்டக்காரனுக்குக் கடிகாரம் இருக்கிறது, கிரிக்கெட்காரனுக்கு ஓட்டப் பதிவேடு இருக்கிறது. பந்தயத்துக்கு ஆடுபவனுக்கோ பதிவு என்பதே பகை. தான் யார், எவ்வளவு ஆடக்கூடியவன் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிழைப்புப் போய்விடும். ஆகவே பெயரை மறைக்கிறான், வேண்டுமென்றே சில பந்துகளைத் தவறவிடுகிறான், வென்ற தொகையை யாருக்கும் சொல்வதில்லை, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். இப்படி மறைத்ததை எல்லாம் அவன் வாய் திறந்து சொல்வது கிழவனான பிறகு. கேட்கப் பத்திரிகையாளர் ஒருவர் பக்கத்தில் உட்காரும்போது. அப்போது தொகை பெருகியிருக்கும், எதிராளி செத்திருப்பான். இந்தக் கதைகளைப் பொய் என்று நிரூபிக்கவும் வழியில்லை, மெய் என்று நிறுவவும் வழியில்லை. படிக்கச் சுவையானவை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சில வேளை இந்த மறைப்பே மெய்யாக இருந்து, போட்டி முடிவாகப் பதிவும் ஆகிவிடுகிறது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த எஃப்ரென் ரெயெஸ் 1985இல் அமெரிக்கா போனபோது அவர் பெயர் அங்குள்ள பந்தயக்காரர்களின் காதுக்கு ஏற்கனவே எட்டியிருந்தது. ஆகவே ‘சேசர் மொராலெஸ்’ என்ற பெயரில் ஹூஸ்டன் நகரில் ஒரு போட்டியில் கலந்துகொண்டு, அதை வென்றும் விட்டார். படத்துக்கு எழுதிய காட்சி போலிருக்கும் இது நடந்தது. பிறகு 1994இல் அமெரிக்க ஓப்பன் பட்டமும் 1999இல் கார்டிஃப் நகரில் உலக நைன்-போல் பட்டமும் தன் சொந்தப் பெயரில் வென்றார். ரெயெஸைப் பற்றிய மற்ற நூறு கதைகளை, ஒரே இரவில் இவ்வளவு வென்றார், கண்ணை மூடிக்கொண்டு அடித்தார் என்பவற்றை, நான் இதே தட்டில் வைக்க மாட்டேன். ஹூஸ்டன் கதையை நம்புவதற்குக் காரணம் அங்கே ஒரு போட்டி நடந்தது, அதற்கு ஒரு முடிவு இருந்தது என்பதே.

பதிவிலும் தரம் உண்டு. 1954 மார்ச் மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் மொஸ்கோனி ஒரே வாய்ப்பில் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்டார். ‘ஸ்ட்ரெயிட் பூல்’ எனப்படும் அந்த ஆட்டத்தில் 14 பந்துகள் போனதும் கடைசி ஒன்றை மேசையில் விட்டுவிட்டு, மீதியை முக்கோணச் சட்டத்தில் அடுக்குவார்கள். விட்ட பந்தைக் குழிக்குள் போடும் அதே அடியில் அடுக்கையும் உடைத்தாக வேண்டும். 526 என்றால் இதை முப்பது தடவைக்கு மேல் பிழையின்றிச் செய்வது. பார்த்தவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிதான் அதற்கு ஆதாரம். கமரா இல்லை. போட்டியிலும் அல்ல, காட்சி ஆட்டமொன்றில் நடந்தது. மேசையும் போட்டி அளவைவிடச் சிறியது. இந்தச் சில்லறைத் தகவல்கள் எல்லாம் மறைக்கப்படாமல் வெளிப்படையாக நிற்பதுதான் அந்தச் சாதனையை நம்பச் செய்கிறது. 65 ஆண்டுகள் கழித்து 2019இல் ஜோன் ஷ்மிட் கமரா முன்னால் 626 போட்டார். 2022இல் ஜெய்சன் ஷோ 714 போட்டார். பழைய 526 நடக்கக்கூடியதுதான் என்பதை இந்தப் புதிய எண்கள் பின்னோக்கி உறுதிப்படுத்தின.

மட்டக்களப்பாருக்கு இந்த ஆதார வரிசை புதிதில்லை. வாவியில் மீன் பாடுகிறது என்ற நம் பெருமையும் இதே படிகளில் ஏறிவந்ததுதான். கல்லடிப் பாலத்தடியில், நிலா வெளிச்சத்தில், தோணியின் துடுப்பில் காது வைத்தால் கேட்கும் என்பது ஊர்ப்பேச்சு. குடியேற்ற அரசின் செயலாளர் எமர்சன் டெனன்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே வந்து, இரவில் தோணியில் போய்த் தானே கேட்டு, இலங்கை பற்றிய தன் நூலில் 1859இல் எழுதினார். சத்தம் போடுவது ஊரி என்னும் நத்தை என்று மீனவர்கள் சொன்னதையும் பதிந்தார். பின்னர் 1950களில் புனித மிக்கேல் கல்லூரியிலிருந்த இயேசுசபைத் துறவி ஒருவர் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவுசெய்தார். சத்தம் உண்டு என்பது இப்போது கேள்வியில்லை. பாடுவது மீனா ஊரியா என்பது வேறு வழக்கு, அதில் நம் ஊரிலேயே இரண்டு கட்சி. ‘நடந்தது’ என்பதும் ‘இன்னதால் நடந்தது’ என்பதும் தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டியவை. பூல் கதைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் நமக்கு விற்கிறார்கள்.

நடந்தது உறுதியாகத் தெரிந்தும் புனைவு போலவே ஒலிக்கும் கதைக்கு ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டை எடுத்துக்கொள்ளலாம். 1996இல் டலஸ் நகரில் ஒரு போட்டி. தொடர்ந்து பத்து ரக் (ஒருமுறை அடுக்கிய பந்துகளின் ஆட்டம்) வெல்பவருக்குப் பத்து லட்சம் டொலர் என்று அறிவித்திருந்தார்கள். யாரும் செய்யப்போவதில்லை என்ற துணிச்சலில் அறிவித்தது. ஸ்ட்ரிக்லண்ட் பதினொன்று வென்றார். பணத்தைக் கொடுக்கக் காப்புறுதித் தரப்பு மறுத்தது, வழக்கானது, இழுபறிக்குப் பிறகு இணக்கத்தில் முடிந்தது. பந்தயக் கதை எதுவும் வழக்குத்தாள் வரை வருவதில்லை, இது வந்தது.

இனி நமக்குப் பக்கத்தில் உள்ள கதைக்கு வருவோம். ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது என்பது தமிழ்நாட்டுச் சுற்றுலா வழிகாட்டிகள் முதல் வினாடிவினா நூல்கள் வரை எல்லோரும் சொல்வது. அதைக் கண்டுபிடித்தவர் நெவில் சேம்பர்லேன் என்றும் சொல்வார்கள். உடனே ஒருவர் ‘பிரிட்டிஷ் பிரதமரா?’ என்பார். இல்லை. இவர் நெவில் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன், படை அதிகாரி, 1856இல் பிறந்தவர். பின்னாளில் அயர்லாந்தின் பொலிஸ் படைக்குத் தலைவராக இருந்து, 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு பதவி விலகியவர்.

கதை இப்படிப் போகிறது. 1875 மழைக்காலத்தில் ஜபல்பூர் படைமுகாமின் அதிகாரிகள் விடுதியில் பொழுது போகாத இளம் அதிகாரிகள், அப்போது வழக்கிலிருந்த ‘பிளாக் பூல்’ ஆட்டத்தில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப்பார்த்தார்கள். முதலாண்டுப் படைமாணவரைக் கேலியாகக் குறிக்கும் ‘ஸ்னூக்கர்’ என்ற சொல்லை, இலகுவான பந்தைத் தவறவிட்ட ஒருவரைப் பார்த்து சேம்பர்லேன் வீச, அது ஆட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. 1880களின் தொடக்கத்தில் சேம்பர்லேன் சென்னை மாகாணப் படைத்தலைவர் ரொபர்ட்ஸின் அலுவலகத்தில் பணியாற்றினார். கோடையில் அந்த அலுவலகம் மலையேறும். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன.

அழகான கதை. ஆனால் இதன் ஊற்று எது என்று தேடிப்போனால் 1938இல் போய் நிற்கிறோம். ஸ்னூக்கர் இங்கிலாந்தின் ஊல்விச் படைக்கல்லூரியில் பிறந்தது என்று யாரோ எழுதியதைக் கண்ட சேம்பர்லேன், ‘தி ஃபீல்ட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 80 தாண்டிவிட்டது. சம்பவத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே 60 ஆண்டுகளுக்கு மேல். அடுத்து நாவலாசிரியர் கொம்ப்டன் மக்கென்சி ஒரு பில்லியர்ட்ஸ் இதழில் அந்தக் கூற்றுக்காக வாதாடினார். சேம்பர்லேனுடன் இந்தியாவில் இருந்த முதிய அதிகாரிகள் சிலரும் ஆமென்றார்கள். ஒரே கூட்டாளிகளின் நினைவு அது. ஆகவே என் தீர்ப்பு அரைமனதானது. ஆட்டம் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை விடுதிகளில் உருவானது என்பதையும் ஊட்டியில் அது ஒழுங்கு பெற்றது என்பதையும் நம்பலாம். ஒரே நாள், ஒரே அறை, ஒரே கேலிச்சொல் என்ற பகுதியைக் கதையாகவே வைத்துக்கொள்வேன். மூன்று தலைமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகளில்தான் இப்படி எல்லாம் ஒரே இடத்தில் வந்து பொருந்தும்.

இதைப்போல் பந்தடிக்கும் கோலான கியூவின் முனைக்கும் பந்துக்கும்கூடக் கதைகள் உண்டு. கியூ நுனியில் தோல் வைக்கும் முறையை உருவாக்கியவராகச் சொல்லப்படும் பிரெஞ்சுப் படை அதிகாரி மிங்கோ சிறையில் இருந்தவர். ஆராய்ச்சி முடியவில்லை, தண்டனையை நீட்டித்துத் தாருங்கள் என்று அவர் மனுப்போட்டார் என்பது கதை. விடுதலை வேண்டாம் என்ற கைதியை நம்பக் கொஞ்சம் மனத்தாராளம் வேண்டும். தந்தத்துக்கு மாற்றாக அமெரிக்காவில் ஜோன் ஹயாட் 1860களின் இறுதியில் உருவாக்கிய செலுலாய்டு பந்துகள் மோதும்போது வெடித்தன என்ற கதைக்கு மூலம் ஹயாட்டே. கிழவராகி, விருது வாங்கும் மேடையில் சொன்னது. செலுலாய்டு எளிதில் தீப்பற்றும் என்பது மெய். சத்தம் கேட்டு மதுக்கடையில் எல்லோரும் துப்பாக்கியை உருவினார்கள் என்பது மேடைப்பேச்சு. தந்தம் என்றதும் இலங்கை யானைகளைக் கொன்றுதான் ஐரோப்பாவின் பில்லியர்ட்ஸ் பந்துகள் செய்யப்பட்டன என்று நம்மில் சிலர் உணர்ச்சிவசப்படுவதுண்டு. நம் காட்டு ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கிழக்கிலும் மலைநாட்டிலும் வெள்ளைக்காரர் யானைகளைக் கொன்று குவித்தது உண்மை. அதன் கொடுமை பந்து வணிகத்தால் வந்ததில்லை, பெரும்பாலும் வெறும் விளையாட்டு வெறியால் வந்தது.

இவ்வளவு கதைகள் சுற்றும் இந்தத் துறையில், கதையே இல்லாத ஒரு மனிதர் நம் நாட்டில் இருந்தார்: எம். ஜே. எம். லாபிர். கொழும்புக்காரர், 1930இல் பிறந்தவர். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றார். எந்த விளையாட்டிலும் இலங்கையர் ஒருவர் வென்ற முதலாவது உலகப் பட்டம் அது. லாகூரில் இலங்கை கிரிக்கெட் அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கியது 1996 மார்ச் 17 அன்று. லாபிர் அதற்கு 23 ஆண்டுகளுக்கு முந்தியவர். ஆனாலும் முதல் உலகப் பட்டம் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட்டைச் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் திருத்துவதில்லை. அவர் பெயரை அறிந்தவர்களில் பாதிப்பேர் அவரை ஸ்னூக்கர் உலகச் சாம்பியன் என்கிறார்கள். அவர் ஸ்னூக்கரும் ஆடினார்; பட்டம் வென்றது மூன்று பந்துகளைக் கொண்டு ஆடும் ஆங்கில பில்லியர்ட்ஸில். தொழில்முறை ஆட்டக்காரரும் அல்ல. 1981இல், ஐம்பதாவது வயதில், மறைந்தார்.

அவரைச் சுற்றி ஏன் கதை விளையவில்லை? பில்லியர்ட்ஸ் ஆட்டம் அமைதியானது. தேர்ந்தவர் ஆடும்போது எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க நேரிடும், மணிக்கணக்கிலும் கூட. பந்தயப் பணம் இல்லை, மாற்றுப் பெயர் இல்லை, துப்பாக்கி இல்லை. பட்டம், இடம், ஆண்டு எல்லாம் பதிவில் இருக்கின்றன. யாரும் வாதாட எதுவும் எஞ்சவில்லை. வாண்டரோன் போன்றவர்களிடம் ஆதாரம் குறையக் குறையக் கதை பெருகியது. லாபிரிடம் ஆதாரம் முழுமையாக இருந்ததால் கதைக்கு வேலையில்லாமல் போனது. 1979இல் இதே உலகப் போட்டியைக் கொழும்பு நடத்தியது. மால்டாவின் போல் மிஃப்சூட் வென்றார். அதுவும் இன்று யாருக்கும் நினைவில்லை.

இந்தியாவில் நிலைமை சற்று மேல். வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றதை, இந்தியர் ஒருவர் வென்ற முதல் தனிநபர் உலகப் பட்டம் என்று அங்கே அடிக்கடி நினைவூட்டுகிறார்கள். மைக்கல் ஃபெரெய்ரா 1981இல் பத்மஸ்ரீ விருதை ஏற்க மறுத்தார். சுனில் கவாஸ்கருக்குப் பத்மபூஷண், உலகச் சாம்பியனான தனக்கு அதற்குக் கீழே ஒரு படியா என்பது அவர் கேள்வி. 1983இல் அவருக்கும் பத்மபூஷண் கிடைத்தது. மேசை விளையாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு அடியும் இதில் இல்லை, ஒரு பந்தும் உருளவில்லை, முழுக்க மெய்.

தமிழர் வீடுகளுக்குள் பில்லியர்ட்ஸ் மேசை வந்ததில்லை. நமக்குக் கரம்தான். மேசை சிறுத்துப் பலகையானது, கியூ போய் விரல் வந்தது, நாலு மூலைக் குழி மட்டும் மிஞ்சியது. புனைவு இங்கேயும் முந்திக்கொண்டது. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018இல் வந்தது. கதாநாயகன் அன்பு கரம் ஆட்டக்காரன். சிறைக்குள்ளும் கரம் போட்டி, அதன் நடுவே கத்திக்குத்து. படத்தைப் பார்த்தவர்களுக்கு அன்பைத் தெரியும். அதே சென்னையின் மரிய இருதயம் 1990களில் இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்றவர். அவரைத் தெரிந்தவர் எத்தனை பேர்? வடசென்னை ஓட்டோ சாரதியின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கம் வென்றபோது செய்தித்தாள்கள் எழுதின, பரிசும் கிடைத்தது, நல்லது. இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பில் உலகப் பட்டம் வென்றவர். இதைத் தமிழில் எழுத யாரும் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

வாவிக்கரை ஊர்களிலும் கரம் கதைகளுக்குக் குறைவில்லை. ஊரடங்கு இரவுகளில், வெளியே போக வழியில்லாத வீடுகளில், விளக்கைச் சுற்றி ஆடியவர்கள் நாம். ஊருக்கொரு மன்னன். ‘அந்த ஆள் முதல் கையிலேயே ஒன்பது காயையும் ராணியையும் போட்டவர், எதிராளி ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை’ என்பார்கள். இப்படி நடக்கும், உடைப்பவர் செய்தால் வெள்ளை ஸ்லாம், மற்றவர் தன் முதல் கையில் செய்தால் கறுப்பு ஸ்லாம் என்று போட்டி விதிகளிலேயே அதற்குப் பெயர் இருக்கிறது, நடுவர் அதைப் புள்ளித்தாளில் குறித்தாக வேண்டும். நம் மன்னர்களுக்குப் புள்ளித்தாள் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்து தோற்றவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வென்றவர் தன் கதையைத் தானாகவே சொல்வார், அதற்கு அவசரமில்லை. தோற்றவரிடம் போய், எந்த ஆண்டு, யார் வீட்டுத் திண்ணை, பலகை யாருடையது, ராணியை எத்தனையாவது அடியில் போட்டார், கூட நின்று பார்த்தவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் அந்த ஒன்பதை ஏழாகக் குறைப்பார். நான் ஏழை எழுதிக்கொள்வேன்.